வீட்டை ஈடு வைத்து ஓவியம் படிக்கலாமா?

தஞ்சை மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். சுருக்கம் இதுதான்.

வயது 54. ஓய்வு பெற இன்னும் 6 வருடம். கைக்கு வரும் சம்பளம் 78,000 ரூபாய். கணவர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். கல்யாண சீசனில் ஓடும், மற்ற நாளில் ஈ ஓட்டும் என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரே மகளுக்கு 23 வயது. அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் முடித்திருக்கிறாள். லண்டனில் ஓராண்டு எம்.ஏ. ஓவியத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் 29,000 பவுண்டு, அதில் 4,000 தள்ளுபடி. ‘எல்லாம் சேர்த்து 35 லட்சம் போதும், மீதியைப் பார்ட் டைம் வேலையில் சமாளிக்கலாம்’ என்று திருச்சியில் ஒரு கன்சல்டன்சி சொல்லியிருக்கிறது. ஈடாக வைக்க இருப்பது குடியிருக்கும் வீடு. அது மாமனார் சொந்தமாக வாங்கியது. அவர் உயில் எழுதாமலே காலமாகிவிட்டார். மாமியாரும் இல்லை. வாரிசுகள் கணவரும் நாத்தனாரும். ‘எனக்கு எதுவும் வேண்டாம்’ என்று நாத்தனார் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். மே 15-க்குள் டெபாசிட் கட்ட வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: ‘இதே பணத்தைக் கம்ப்யூட்டர் படிப்புக்குக் கேட்டிருந்தால் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஓவியம் என்பதால்தான் தயங்குகிறேனா? கடன் அவள் பெயரில்தானே, அவளால் கட்ட முடியாவிட்டால் எங்களுக்குப் பொறுப்பு வருமா?’

அன்புள்ள டீச்சர்,

உங்கள் தயக்கத்தில் குற்றம் எதுவும் இல்லை. ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கணக்குக்கு வருகிறேன்.

நான் பொதுத்துறை வங்கியில் இருந்த காலத்தில் கல்விக் கடன் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கும்: படிப்பு முடிந்தபின் எதிர்பார்க்கும் மாத வருமானம். இன்ஜினியரிங் பையன்கள் யோசிக்காமல் ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போவார்கள். ஒருமுறை சிற்பம் படிக்கப் போகிற பெண் ஒருத்தி அந்தக் கட்டத்தின் மேல் பேனாவை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு நிமிர்ந்து, ‘சார், வருஷத்துக்கு எழுதலாமா?’ என்று கேட்டாள்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஓவியரின் வருமானம் ஒரு கண்காட்சியில் மொத்தமாக வரும், அப்புறம் பத்து மாதம் வராது. இஎம்ஐ மட்டும் மாதாமாதம் 5-ஆம் தேதி வந்து நிற்கும். உங்கள் தயக்கத்துக்குக் காரணம் இந்தப் பொருத்தமின்மைதான். ஓவியத்தை நீங்கள் மட்டமாக நினைப்பதாகக் கடிதத்தில் எந்த வரியிலும் எனக்குத் தெரியவில்லை; சொல்லப்போனால், பள்ளி ஆண்டுவிழா மேடைக்கு அவள் வரைந்த திரையைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

35 லட்சத்தில் முடியாது

கன்சல்டன்சி சொன்ன கணக்கில் கட்டணம் இருக்கிறது, லண்டன் இல்லை. பவுண்டுக்கு 120 ரூபாய் என்று வைத்து நானே போட்டுப் பார்த்தேன். தள்ளுபடி போகக் கட்டணம் 25,000 பவுண்டு. லண்டனில் படிக்க வருபவர் மாதம் 1,529 பவுண்டு வீதம் 9 மாதத்துக்குக் கையில் காட்ட வேண்டும் என்பது விசா விதி. ஆனால் படிப்பு 12 மாதம். சாப்பாடும் வாடகையும் அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் நின்றுவிடாது. ஆக 18,348 பவுண்டு. அங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்கான கட்டணம் மாணவர்களுக்கு வருடத்துக்கு 776. விசாவைப் படிப்பு முடிந்தபின் இன்னும் நான்கு மாதத்துக்குச் சேர்த்துத் தருவார்கள் என்பதால் ஒன்றரை வருடத்துக்கு 1,164 வாங்கிக்கொள்வார்கள். விசா, விமானம், கேன்வாஸ், சாயம், ஆண்டு முடிவில் கண்காட்சிக்கு ஆகும் செலவு எல்லாவற்றுக்கும் குறைத்துப் போட்டாலும் 3,500. கூட்டினால் 48,000 பவுண்டு. நம் பணத்தில் 57 லட்சத்துக்கும் மேல்.

பார்ட் டைம் வேலை என்கிறார்களே, அதையும் பார்த்துவிடுவோம். மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஓராண்டு முதுகலையில் கோடை மாதங்களும் படிப்புக் காலமாகவே கணக்காகும்; ‘லீவில் முழுநேரம் வேலை பார்ப்பாள்’ என்பது நடக்காது. குறைந்தபட்சக் கூலி 2026 ஏப்ரலில் இருந்து மணிக்கு 12.71 பவுண்டு. ஒரு வாரம்கூடத் தவறாமல் வேலை கிடைத்தாலும் மாதம் 1,100 பவுண்டு. வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே அது போதாது. அதோடு, வாரம் 20 மணி நேரம் காபிக் கடையில் நின்றுவிட்டு வருகிற பெண் எப்போது வரைவாள்? இவ்வளவு பணம் கொடுத்து நீங்கள் வாங்குவதே வரைவதற்கான நேரத்தைத்தான்.

இன்னொரு விதி, ஓவியர்களை நேராகத் தொடுவது: மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. அவள் அங்கே படிக்கும்போது கமிஷன் வாங்கி ஓவியம் வரைந்து விற்பது அந்த விதியில் மாட்டும். கன்சல்டன்சிக்காரர் இதைச் சொன்னாரா என்று கேட்டுப் பாருங்கள். ‘எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தொழிலில் ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுப்பது பல்கலைக்கழகம். மாணவர் சேர்ந்தால்தான் அது வரும். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் யாருக்காக வேலை பார்க்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடன் யாருடையது

மகள் பெயரில் இருந்தாலும் கடன் உங்களுடையதும்தான். பெற்றோர் அதில் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். அவள் கட்டாவிட்டால் அடுத்து உங்களிடம் வருவார்கள் என்றுகூட இல்லை. முதல் நாளிலிருந்தே இருவரும் சமமாகக் கடன்பட்டவர்கள். ஒரு தவணை தவறினால் இருவரின் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். தேர்தலுக்குத் தேர்தல் கல்விக் கடன் தள்ளுபடி என்று பேச்சு கிளம்பும். அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெளிநாட்டுப் படிப்பென்றால் பொதுவாகச் செலவில் 15 சதவீதம் உங்கள் கையிலிருந்து போட வேண்டும். இதை மார்ஜின் என்பார்கள். அது எட்டரை லட்சம். மீதி 49 லட்சம் கடன். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் ஒரு வருடமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை இல்லை. ‘அந்த இரண்டு வருடம் வட்டி இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் தவறு. தனிவட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், முடிவில் அசலோடு சேரும். தவணை ஆரம்பிக்கும்போது பாக்கி 58 லட்சத்து 80 ஆயிரம் ஆகியிருக்கும். அதை 15 வருடத்தில் அடைக்க மாதம் 63,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கூட்டிப் பார்த்தால் 1 கோடியே 13 லட்சத்துக்கும் மேல்.

கடைசித் தவணை கட்டும்போது உங்களுக்கு 71 வயது. நீங்கள் ஓய்வு பெறும்போது தவணை தொடங்கி நான்கு வருடம்தான் ஆகியிருக்கும். என் மேசைக்கு இந்த விண்ணப்பம் வந்திருந்தால் மகளின் ஓவியங்களைப் பார்ப்பதற்கு முன் இந்த ஒரு வரியைத்தான் பார்த்திருப்பேன்.

வரிச் சலுகை கேட்டிருந்தீர்கள். 80இ பிரிவு என்று எல்லோரும் சொல்லும் கழிவு வட்டிக்கு மட்டும்தான், அசலுக்குக் கிடையாது. 8 வருடம் வரைதான். பழைய வரித் திட்டத்தில் இருந்தால்தான். ஒரு நல்ல சேதி: வங்கிக் கல்விக் கடனிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகைக்கு டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரி பிடிக்க மாட்டார்கள்.

வீடும் நாத்தனாரும்

உயில் இல்லாமல் போன மாமனாரின் சுயசம்பாத்திய வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. வாய்வார்த்தையில் வேண்டாம் என்றால் சட்டத்தில் அது செல்லாது. வங்கியின் வக்கீலும் ஏற்க மாட்டார். வாரிசுச் சான்றிதழ் வேண்டும், நாத்தனார் பதிவு அலுவலகத்துக்கு வந்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும், பட்டா மாற வேண்டும். மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றிதழும் அதற்குப் பிறகுதான். இதெல்லாம் மே 15-க்குள் முடியுமா என்பது ஒரு பக்கம்.

எனக்கு உறுத்துவது வேறு. அவர் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுத் தருவதாகச் சொன்னபோது, அந்த வீடு வங்கிக்கு ஈடாகப் போகும் என்று அவருக்குத் தெரியுமா? தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன். அதன்பிறகு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வழக்குப் போடாமலே வங்கி வீட்டைக் கையகப்படுத்தலாம். பிறந்த வீடு ஏலத்துக்கு வருவதை நாளிதழில் பார்க்கிற நிலை அவருக்கு வரக்கூடாது. கடனுக்காகத்தான் கேட்கிறோம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அவர் தயங்கினால் அதோடு விட்டுவிடுங்கள்.

‘ஈடே இல்லாமல் தருகிறோம்’ என்று சில நிதி நிறுவனங்கள் கூப்பிடும். வட்டி கூடுதல், படிக்கும்போதே வட்டியைக் கட்டச் சொல்வார்கள். உங்கள் கணக்குக்கு அது மாதம் 40,000 ரூபாய்க்கு மேல் போகும்.

லண்டன் ஏன் இவ்வளவு கேட்கிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இடம் கிடைத்ததையே அவளுடைய திறமைக்கு வந்த தீர்ப்பாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பிரிட்டனில் வெளிநாட்டு மாணவர்களிடம் முழுச் செலவையும் வசூலிக்கும் முறை 1980-81-இல் வந்தது. உள்ளூர் இளநிலை மாணவர்களின் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கு வரம்பு இல்லை. 2021-இல் இங்கிலாந்து அரசு, நிகழ்த்துகலை, ஓவியம் போன்ற படிப்புகளுக்கு ஒரு மாணவருக்குத் தந்த கூடுதல் மானியத்தை 243 பவுண்டிலிருந்து 121.50-ஆகப் பாதியாக வெட்டியது. துண்டு விழும் இடத்தை வெளிநாட்டு மாணவர்களின் கட்டணம்தான் அடைக்கிறது. உங்கள் மகளுக்குத் திறமை இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. அவள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அந்தக் கும்பேஸ்வரர் கோயில் யானைக் கொட்டில் வரிசை என் கண்ணிலேயே நிற்கிறது. அவளுக்கு வந்தது 4,000 பவுண்டு தள்ளுபடி, அவ்வளவுதான். உதவித்தொகை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாலும், ஜவுளிக்கடையில் ஆடி மாதம் தருவதுதான் அது.

முந்தைய தலைமுறையும் லண்டன் போயிருக்கிறது. ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர், பிறகு சாந்திநிகேதன் போனார், 1955-இல் பிரிட்டிஷ் கவுன்சில் ஆய்வு நிதியில் லண்டனில் உள்ள ஸ்லேடு கலைக் கல்லூரிக்குப் போனார். இன்னொரு ஓவியர் குலாம் முகமது ஷேக் பரோடாவிலிருந்து காமன்வெல்த் உதவித்தொகையில் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டுக்குப் போய் 1966-இல் முடித்தார். இருவருமே இங்கே முதலில் தேறிவிட்டு, வேறொருவர் பணத்தில் போனவர்கள். இவ்வளவு தூரம் ஏன், சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தையே பாருங்கள். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிய பணம், பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று வந்தது.

படிப்பு முடித்து அங்கேயே வேலை தேடலாம் என்பதும் சுருங்கிவருகிறது. படித்தபின் தங்கும் விசா இரண்டு வருடமாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். வரும் செப்டம்பரில் சேர்ந்தால் உங்கள் மகள் அந்தக் கணக்கில்தான் வருவாள். அதற்கு மேல் தங்க வேண்டுமானால், படித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வருபவருக்குக்கூட வருடம் குறைந்தது 33,400 பவுண்டு சம்பளத்தில் (மற்றவர்களுக்குப் பொதுவாக 41,700) ஒரு நிறுவனம் வேலை தர வேண்டும். ஓவியருக்கு அப்படி ஒரு வேலை எங்கே இருக்கிறது என்று நீங்களே யோசியுங்கள்.

‘லண்டன் பட்டம் இருந்தால் இங்கே கல்லூரி வேலை நிச்சயம்’ என்பதையும் திருத்திவிடுகிறேன். 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் போட்ட ஒப்பந்தத்தால் அங்குள்ள ஓராண்டு முதுகலைக்கு இங்கே மதிப்பு உண்டு, ஓராண்டுப் பட்டம் செல்லாது என்ற பழைய சிக்கல் இல்லை. ஆனால் உதவிப் பேராசிரியராக நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வை எழுத வேண்டும். பரோடாவில் படித்தவரும் அதே தேர்வைத்தான் எழுதப் போகிறார்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

இந்த வருடம் அனுப்ப மாட்டேன். லண்டனே வேண்டாம் என்று அவளிடம் சொல்லவும் மாட்டேன். சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்பேன். அந்த ஓராண்டில் விண்ணப்பிக்க வேண்டியவை உண்டு. இன்லாக்ஸ் சிவதாசானி அறக்கட்டளை 30 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 1 லட்சம் டாலர் வரை தருகிறது, நுண்கலையையும் எடுத்துக்கொள்கிறது. சார்ல்ஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் கலை, பாரம்பரியத் துறையினர் பிரிட்டனில் படிக்கச் செலவின் ஒரு பகுதியைத் தரும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை முழுச் செலவையும் ஏற்கும், ஆனால் இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கும். முடித்ததும் இரண்டு வருடம் ஊரில் இருக்க வேண்டும். 1892-இல் தொடங்கிய ஜே.என். டாடா நிதியைப் பற்றி உங்கள் மகள் கேட்டிருந்தாள்; அது கடன் உதவித்தொகை, திருப்பிக் கட்ட வேண்டும். (உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் ஆதிதிராவிடர் குடும்பங்கள், வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையை முதலில் பாருங்கள்.)

பாதிச் செலவாவது இப்படி வந்தால் மீதிக்குக் கடன் வாங்கலாம். வராவிட்டால் கடன் வாங்கக்கூடாது என்பதே என் கருத்து. கடுமையாகத் தோன்றினால் மன்னியுங்கள்.

அதற்குள் அவள் சும்மா இருக்க வேண்டியதில்லை. பரோடா நுண்கலைப் பீடமும் சாந்திநிகேதன் கலாபவனமும் இரண்டு வருட முதுகலை தருகின்றன. கலாபவனம் 1919-இல் தொடங்கியது, மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி, கட்டணம் ஆயிரங்களில்தான். இங்கே படிக்கக் கடன் தேவைப்பட்டாலும் ஏழரை லட்சம் வரை ஈடு இல்லாமல் வாங்க வழி உண்டு. மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பிஎம் வித்யாலட்சுமியின் 3 சதவீத வட்டி மானியம் 8 லட்ச வருமானத்துக்குள் இருப்பவர்களுக்கு என்பதால் உங்களுக்கு வராது. கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளங்கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் தருகிறது. சாயச் செலவுக்காவது ஆகும். அவளுக்கு 23, இன்னும் நேரம் இருக்கிறது.

வெளிநாடுதான் வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தால் ஜெர்மனியைக் காட்டுங்கள். அரசு கலை அகாதமிகளில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. வருடத்துக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும், அதை மாதாமாதம் அவளே எடுத்துச் செலவழிப்பாள். ஓவியத் தொகுப்பைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். ஜெர்மன் மொழி படிக்க ஒரு வருடம் போகும். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி நுண்கலைக்கென்றே தனி உதவித்தொகை வைத்திருக்கிறது.

அவளிடம் பேசும்போது இந்தக் கணக்கையெல்லாம் எடுத்ததும் கொட்டாதீர்கள். முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள்: அங்கே எந்த ஓவியரிடம் படிக்க ஆசைப்படுகிறாள்? வரைய அவளுக்கென்று எத்தனை அடி இடம் தருவார்கள், வாரத்தில் எத்தனை நாள்? இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் கல்லூரிக்கே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். 25,000 பவுண்டு கட்டுகிறவர் கேட்கலாம். பிறகு மேலே உள்ள கூட்டலை அவள் கையாலேயே போடச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அம்மாவின் பயம் என்று நினைப்பாள்.

தள்ளிவைப்பதற்கான மின்னஞ்சலை மே 15-க்கு முன்பே அவள் கல்லூரிக்கு நேராக அனுப்பட்டும், கன்சல்டன்சி வழியாக வேண்டாம். அடுத்த வருடமும் அந்த 4,000 தள்ளுபடி உண்டா, விசா மறுக்கப்பட்டால் டெபாசிட் திரும்ப வருமா என்று அதிலேயே கேட்கட்டும். பதில் எழுத்தில் வரும்வரை ஒரு பவுண்டும் கட்ட வேண்டாம்.